மைனஸ் ஏழு மைக்ரோவோல்ட்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு லேப் நோட்டில் ஒரு வரி எழுதினேன். "200 கெல்வின். டிரைவ் 500 நானோஆம்ப். டிராக் −7 மைக்ரோவோல்ட்." அந்த மைனஸ் குறியைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஏழு மைக்ரோவோல்ட் ஒன்றும் பெரிய வோல்டேஜ் இல்லை. ஆனால் அந்தக் குறி பிளஸ்ஸா மைனஸா என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

நான் பெங்களூரில் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. ஒரு கிராஃபீன் தாள் (ஒரே ஒரு அணு தடிமனில் கார்பன்), அதன்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய தடுப்பு, அதன்மேல் இன்னொரு கிராஃபீன் தாள் என்று அடுக்கி, ஒரு தாளில் கரண்ட் விட்டு மற்றத் தாளில் வோல்டேஜ் அளப்பதுதான் என் வேலை. இரண்டு தாளுக்கும் நடுவே கம்பி இல்லை, எந்த மின்தொடர்பும் இல்லை. தடுப்பு சரியாக இருந்தால் ஒரு எலெக்ட்ரான்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. அப்படியிருந்தும் கரண்ட் விடாத தாளில் வோல்டேஜ் வருகிறது.

எலெக்ட்ரான்தான் தாண்ட முடியாது, அதன் மின்புலம் தாண்டும். பிளஸ் டூவில் படித்த கூலூம் விதியேதான். கீழ்த்தாளில் எலெக்ட்ரான்கள் வலது பக்கமாக ஓடினால், மேல்தாளில் இருப்பவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளிக்கொண்டே போகும். தங்கள் உந்தத்தில் ஒரு சின்னப் பங்கை மேலே கொடுத்துவிடுகின்றன. மேல்தாளில் சுற்று திறந்திருப்பதால் அந்த எலெக்ட்ரான்களுக்குப் போக இடமில்லை. வலது ஓரத்தில் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தவை எதிர்த்துத் தள்ள ஆரம்பித்ததும் ஒரு சமநிலை வரும். அந்தச் சமநிலையின் வோல்டேஜைத்தான் நான் அளக்கிறேன். இதற்குக் கூலூம் இழுவை என்று பெயர். லேபில் எல்லாரும் டிராக் என்றுதான் சொல்வோம். கரண்ட் ஓடும் தாள் டிரைவ், சும்மா இருக்கும் தாள் டிராக்.

குறி ஏன் முக்கியம் என்பது இங்கேதான் இருக்கிறது. கரண்ட் விடும் தாளில் எலெக்ட்ரான் வலது பக்கம் ஓடுவது வலது முனை பாசிட்டிவாக இருப்பதால். இழுபடும் தாளிலோ எலெக்ட்ரான்கள் வலது முனையில் போய்ச் சேர்வதால் அந்த முனை நெகட்டிவ். இரண்டு வோல்டேஜும் எதிரெதிர். தடுப்பில் எங்காவது ஓட்டை இருந்து கரண்ட் கசிந்தால் மேல்தாளின் வோல்டேஜ் கீழ்த்தாளின் பக்கமே சாயும், பிளஸ்தான் வரும். ஆகவே இரண்டிலும் எலெக்ட்ரான் இருக்கும்போது மைனஸ் வந்தால் அதைக் கசிவு என்று யாரும் எளிதில் தள்ள முடியாது.

இதெல்லாம் எனக்கு முதல் டிவைஸ் செய்தபோதே தெரியும். தெரிந்தும், போன வருஷம் ஜனவரியில் பிளஸ் பதினொன்று மைக்ரோவோல்ட் வந்தபோது நான் குறியைப் பார்க்கவில்லை. வோல்டேஜ் வந்துவிட்டது என்பதை மட்டும் பார்த்தேன்.

அந்த டிவைஸுக்குப் பின்னால் ஏழு மாச வேலை இருந்தது. கிராஃபைட்டை ஸ்காட்ச் டேப்பில் ஒட்டி, மடித்து மடித்துப் பிரித்து, சிலிக்கான் சில்லில் அழுத்தி எடுக்க வேண்டும். 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் செய்த அதே வழி. 2010-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. இன்றும் நல்ல டிவைஸுக்கு டேப்தான். மைக்ரோஸ்கோப்பில் ஊதா நிறத் தரையில் ஒரு நிழல் மாதிரி தெரியும், அதுதான் ஒற்றை அடுக்கு. ஆரம்பத்தில் எனக்கு அது கண்ணிலேயே படாது. இப்போது சில்லை நகர்த்தும்போதே தெரிந்துவிடுகிறது.

தடுப்புக்குப் போரான் நைட்ரைடு. போரானும் நைட்ரஜனும் மாறி மாறி கிராஃபீன் மாதிரியே அறுகோணமாக உட்கார்ந்திருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தாது. ஒரு அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 0.33 நானோமீட்டர். எத்தனை அடுக்கு உரித்தெடுக்கிறோமோ அதுதான் இரண்டு தாளுக்கும் நடுவே உள்ள தூரம். இவ்வளவு துல்லியமாகத் தூரத்தை அடுக்கு அடுக்காக எண்ணி வைக்க முடிகிறது. ஜப்பானில் சுகுபாவில் வாத்தனாபே, தனிகுச்சி என்று இரண்டு பேர் உயர் அழுத்தத்தில் இந்தப் படிகத்தை வளர்க்கிறார்கள். உலகெங்கும் கிராஃபீன் கட்டுரைகளில் அவர்கள் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம். அந்தப் படிகம் இல்லையென்றால் என் துறையில் பாதி இல்லை.

பிறகு அடுக்குவது. ஒரு பாலிமர் படலத்தை ஸ்டாம்ப் மாதிரி வைத்துக்கொண்டு, சூடேற்றி, முதலில் ஒரு நைட்ரைடைத் தூக்க வேண்டும். அதை வைத்துக் கிராஃபீனைத் தூக்கி, அதை வைத்து நடுத்தடுப்பைத் தூக்கி, மறுபடி கிராஃபீன், மறுபடி நைட்ரைடு. மொத்தம் ஐந்து. நாலாவது ஏறும்போது முதலாவது மடங்கிவிடும். நடுவில் குமிழி வரும். குமிழி வந்த இடம் உதவாது. இரண்டு கிராஃபீனும் சிலுவை மாதிரிக் குறுக்காக விழ வேண்டும், அப்போதுதான் தனித்தனியாகக் கம்பி இழுக்க முடியும். பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடுக்குவேன். அப்போதுதான் காரிடாரில் நடமாட்டம் குறையும், மேஜை அதிராது.

அப்படிச் செய்த முதல் டிவைஸ். தடுப்பு 5 நானோமீட்டர், பதினைந்து அடுக்கு. பிளஸ் பதினொன்று. எங்கள் லேபில் போஸ்ட்டாக்காக இருக்கும் அண்ணனிடம் ஓடினேன். அவருக்கு நாகர்கோவில்.

"அண்ணே, டிராக் வந்திருச்சு."

"சைன் என்ன மக்ளே?"

"பாசிட்டிவ்."

"ரெண்டு லேயரும் எலெக்ட்ரான் சைடா?"

"ஆமாண்ணே."

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கிரவுண்ட எடுத்து அந்தக் கான்டாக்ட்ல போடு. நம்பர் மாறக்கூடாது" என்றார்.

மாறியது. பதினொன்று மூன்றாகியது. உண்மையான இழுவைக்கு, இழுபடும் தாளில் எந்த முனையைப் பூமியோடு இணைத்தோம் என்பது ஒரு பொருட்டே இல்லை. அடுத்து இரண்டு தாள்களின் வேலையையும் மாற்றிப் போட்டோம். முன்பு கரண்ட் விட்டதில் அளந்தோம், அளந்ததில் கரண்ட் விட்டோம். இரண்டும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும், அது ஒன்சாகர் காட்டிய சமச்சீர். கொடுக்கவில்லை. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தடுப்பின் தடையை நேராக அளந்தால் 40 மெகாஓம். ஜிகாஓம் கணக்கில் இருக்க வேண்டிய இடம் அது. பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கீழ்க் கிராஃபீனின் ஒரு மூலை, ஒரு மைக்ரான் கூட இருக்காது, தடுப்புக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்தாளுக்கான தங்கம் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வரைபடத்தைப் போட்டவள் நான்.

அன்று ராத்திரி விடுதிக்கு நடந்து போகும்போது அழுகை வந்தது. இந்த வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அதற்கப்புறம் ஒரு மாசம் டிவைஸ் எதுவும் செய்யவில்லை. என் வழிகாட்டி மேடம்தான் சொன்னார், பழைய கட்டுரைகளைப் படி, கிராஃபீனை விட்டுவிட்டு அதற்கு முந்தியவற்றைப் படி என்று. அந்த ஒரு மாசம்தான் இந்தத் துறையோடு எனக்கு உண்மையான உறவு ஏற்பட்ட காலம்.

இப்படி ஒரு இழுவை இருக்க வேண்டும் என்று 1977-ல் சோவியத் யூனியனில் பொக்ரெபின்ஸ்கி கணக்குப் போட்டிருக்கிறார். 1983-ல் அமெரிக்காவில் பீட்டர் பிரைஸ் தனியாக அதே இடத்துக்கு வந்தார். இரண்டு மெல்லிய எலெக்ட்ரான் தாள்களுக்கு இடையே அதைத் தெளிவாக அளந்தது 1991-ல், நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸில். கிராமிலா, ஐசன்ஸ்டைன், மெக்டொனால்டு, பைஃபர், வெஸ்ட். பைஃபரும் வெஸ்ட்டும் காலியம் ஆர்சனைடு படிகத்தை அடுக்கடுக்காக வளர்த்தார்கள். 200 ஆங்ஸ்ட்ராம் தடிமனில் இரண்டு எலெக்ட்ரான் தாள்கள், நடுவே 175 ஆங்ஸ்ட்ராம் தடுப்பு. அதாவது 17.5 நானோமீட்டர்.

என்னை அசர வைத்தது, அவர்கள் இரண்டு தாளுக்கும் தனித்தனியாகக் கம்பி போட்ட விதம். எனக்கு இரண்டு கிராஃபீனைக் குறுக்காக வைத்தால் போதும். அவர்களுக்கு இரண்டு தாளும் ஒரே படிகத்துக்குள் புதைந்திருக்கின்றன, எந்தக் கம்பியை உருக்கி இறக்கினாலும் இரண்டையும் தொடும். அதனால் ஐசன்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட் (வோல்டேஜ் கொடுத்து எலெக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் உலோகத் தகடு) வைத்து, வேண்டாத தாளில் அந்த இடத்தில் மட்டும் எலெக்ட்ரான்களை விரட்டிவிட்டார்கள். கம்பி இரண்டையும் தொட்டாலும் ஒன்றோடு மட்டும்தான் பேசும். அந்தப் படத்தை நான் நோட்டில் நாலு தடவை வரைந்தேன்.

அளவீட்டில் அவர்கள் எதிர்பார்த்தது வெப்பநிலையின் இருமடி. அதன் காரணம் அழகானது. எலெக்ட்ரான்கள் ஆற்றல் நிலைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கூட்டம் நிறைந்த பஸ்ஸில் நடுவில் நிற்பவரைத் தள்ளினால் அவர் நகர இடமில்லை, படிக்கட்டில் நிற்பவர்தான் அசைய முடியும். அப்படி மேல் விளிம்பில் நிற்கும் எலெக்ட்ரான்கள் மட்டுமே உந்தத்தைக் கொடுக்கவும் வாங்கவும் முடியும். அவற்றின் பங்கு வெப்பநிலைக்கு நேர் விகிதம். கொடுக்க இந்தத் தாளில் ஒன்று வேண்டும், வாங்க அந்தத் தாளில் ஒன்று வேண்டும். வெப்பநிலை ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே, பெருக்கினால் இருமடி. தூரம் கூடினால் இழுவை நான்மடியில் குறையும் என்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு.

அவர்களுடைய எண்கள் ஏறக்குறைய இருமடிதான், ஆனால் முழுக்க இல்லை. சில கெல்வினில் ஒரு மேடு தெரிந்தது. கூலூம் விசை மட்டும் போதாது, படிகத்தின் அதிர்வு வழியாகவும் இரண்டு தாளும் பேசிக்கொள்கின்றன என்று எழுதினார்கள். அதைப் படித்ததும் எனக்கு அருப்புக்கோட்டை வீடு ஞாபகம் வந்தது. எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி ஓடினால் எங்கள் அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அம்மா தம்ளருக்கு அடியில் துணி மடித்து வைப்பாள். தறி எங்களைத் தொடவில்லை, சுவர் தொட்டது. பெல் லேப்ஸ்காரர்கள் அளந்ததில் ஒரு பங்கு அந்த மாதிரி, நடுவிலிருக்கும் படிகம் சுமந்து வந்தது. மீதிதான் சுவரே இல்லாவிட்டாலும் வருவது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு அவர்கள் மில்லி ஓம் கணக்கில் கவனமாக அளந்திருந்தார்கள். என் மெகாஓம் கசிவை நினைத்தபோது, அளப்பது என்றால் என்ன என்று அந்த ஐந்து பேரிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது டிவைஸை அந்த மனநிலையில் செய்தேன். தடுப்பு 3 நானோமீட்டர், ஒன்பது அடுக்கு. எட்டிப் பார்க்கும் மூலைகள் எல்லாவற்றையும் கம்பி போடுவதற்கு முன்பே பொறித்து நீக்கிவிட்டேன். அளக்கும் சுற்றிலும் ஒரு மாற்றம். டிரைவ் தாளில் கரண்ட் ஓடும்போது அதன் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் போகும். அந்த ஏற்ற இறக்கம் தடுப்பைத் தாண்டி டிராக் தாளின் எலெக்ட்ரான் எண்ணிக்கையையே ஆட்டிவிடும். ஒரு பொட்டென்ஷியோமீட்டரை இணையாகப் போட்டுத் திருகி, தாளின் நட்டநடு எப்போதும் பூஜ்ஜியத்தில் நிற்கும்படி வைத்தேன். அதிர்வெண் 17 ஹெர்ட்ஸ் பக்கம், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் மடங்கு எதிலும் படாமல்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மைனஸ் ஏழு.

கிரவுண்டை மாற்றினேன். மைனஸ் ஏழு. தாள்களை மாற்றிப் போட்டேன். மைனஸ் ஏழு, கடைசி இலக்கத்தில் மட்டும் நடுக்கம். கரண்டைப் பாதியாக்கினேன், வோல்டேஜ் பாதியானது. பிறகு மேல்தாளின் கேட்டைத் திருப்பினேன். கிராஃபீனில் இது ஒரு வரம், கேட் வோல்டேஜை நகர்த்தினால் அதே தாளில் எலெக்ட்ரானுக்குப் பதில் துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், வந்துவிடும். துளையும் அதே திசையில்தான் தள்ளப்படும், ஆனால் அது பாசிட்டிவ். ஆகவே குறி மாற வேண்டும். திரையில் எண் மேலே ஏறி, பூஜ்ஜியத்தைத் தாண்டி, பிளஸ்ஸுக்குப் போனது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் அதைப் பார்த்தேன்.

இரண்டு கேட்டையும் ராத்திரி முழுக்க ஓடவிட்டு வரைந்த படத்தில் நான்கு கட்டங்கள். எலெக்ட்ரான் எலெக்ட்ரான், துளை துளை இரண்டும் நீலம், அதாவது மைனஸ். கலப்பு இரண்டும் சிவப்பு, பிளஸ். 2011-ல் ஆஸ்டின் குழுவும் 2012-ல் மான்செஸ்டர் குழுவும் காட்டிய அதே ஒழுங்கு. 100 கெல்வினுக்கு இறக்கியபோது வோல்டேஜ் ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது. நான்கு கட்டமும் சந்திக்கும் நடுவில், இரண்டு தாளிலும் எலெக்ட்ரானும் துளையும் சம அளவில் இருக்கும் இடத்தில், அவை ஒன்றையொன்று அழித்து ஒன்றும் வரக்கூடாது என்றுதான் எளிய கணக்கு சொல்லும். மான்செஸ்டர்காரர்கள் அங்கே ஒரு சிகரத்தைப் பார்த்தார்கள். உந்தத்தோடு வெப்பமும் தாள் விட்டுத் தாள் போவதால் என்று எம்.ஐ.டி-யில் சாங்கும் லெவிடோவும் விளக்கினார்கள். என் படத்திலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல மாட்டேன், இன்னொரு டிவைஸில் பார்க்க வேண்டும்.

நான் ஏன் இதிலேயே கிடக்கிறேன் என்று தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். என் தாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் கோடி எலெக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரான்களுக்கு நடுவே சராசரியாக 10 நானோமீட்டர் இருக்கும். மேல்தாளோ 3 நானோமீட்டர் தூரத்தில். அப்படியானால் ஒரு எலெக்ட்ரானுக்குத் தன் தாளில் இருக்கும் அண்டை வீட்டாரைவிட மாடியில் இருப்பவரே நெருக்கம். தாண்டிப் போக முடியாத ஒருவர் எல்லாரையும்விடப் பக்கத்தில். இந்த நிலைமை காலியம் ஆர்சனைடு காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை.

அந்த நெருக்கத்தில், ஒரு தாளில் எலெக்ட்ரானும் மறுதாளில் துளையும் இருந்தால், இரண்டும் தடுப்பைத் தாண்டாமலே ஜோடி சேர்ந்துவிடலாம். சேர்ந்த ஜோடிகள் எல்லாம் ஒன்றாகத் தடையின்றி ஓடலாம் என்று லோசோவிக்கும் யூட்சனும் 1970-களின் நடுவிலேயே எழுதினார்கள். காந்தப்புலத்தில் வைத்த காலியம் ஆர்சனைடு ஜோடித் தாள்களில் 2000-ல் கால்டெக்கில் அதன் முதல் வலுவான அடையாளம் கிடைத்தது. 2002-ல் அதே குழு, கரண்டே ஓடாத தாளில் ஹால் தடை (கரண்டுக்குக் குறுக்கே அளக்கும் தடை) 25,812.8 ஓம் என்ற குவாண்டம் மதிப்பில் போய் நிற்பதைக் காட்டியது. கரண்ட் ஓடும் தாளிலும் அதே எண். 2017-ல் ஹார்வர்டும் கொலம்பியாவும் கிராஃபீனில் இதைக் கண்டன. அண்மையில் கார்னெலிலும் பெர்க்லியிலும் மாலிப்டினம் டைசெலினைடு, டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைக்கடத்தித் தாள்களின் ஜோடியில் காந்தப்புலமே இல்லாமல், ஒரு தாளில் விட்ட கரண்ட் கிட்டத்தட்ட முழுசாக மறுதாளில் எதிர்த்திசையில் ஓடுவதைக் காட்டியிருக்கிறார்கள். எலெக்ட்ரான் நகர்ந்தால் அதன் ஜோடித் துளையும் கூடவே நகர்ந்தாக வேண்டும், அதனால். என் ஏழு மைக்ரோவோல்ட்டில் மேல்தாள் லேசாகத்தான் உரசுகிறது. அவர்களுடையதில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே விசை என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை சிலிர்க்கிறது.

புதன்கிழமை காலை அண்ணனுக்குப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலுக்கு, "கிரவுண்ட மாத்திப் பாத்தியா மக்ளே?" என்று கேட்டார். மாற்றிய மூன்று அளவீட்டையும் அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து போன் செய்து, "சாப்பிட்டியா?" என்றார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேடம் அடுத்ததாக 2 நானோமீட்டர் தடுப்பில் செய்யச் சொல்லியிருக்கிறார். ஆறு அடுக்கு. நேற்று மூன்று மணி நேரம் சில்லுகளைத் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்தேன், இருபது மைக்ரான் நீளம், விரிசல் இல்லை. பெட்டியில் வைத்து மூடி, மூடிமேல் தேதி எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடுக்கப் போகிறேன்.